ராணிக்கும் ஒரு ஹாக்கே

காலை 9.40. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பஸ் புறப்பட்டது. டிக்கெட் பதினெட்டு ரூபாய். கார் வைக்கலாம் என்றாள் மகள் வளர்மதி. பஸ்ஸே போதும் என்று விருந்தாளி கையைக் காட்டிவிட்டார். விருந்தாளியின் பெயர் மனுவேல். ஸ்பெயினில் வேலை பார்க்கும் வளர்மதி அங்கே தேர்ந்தெடுத்த பையனின் அப்பா. கல்யாணம் பேசுமுன் பெண் வீட்டைப் பார்க்க வந்தவர், நாளை ஊர் திரும்புகிறார். நான்கு நாளாக இட்லியைப் பார்த்தும் புன்னகை, மின்வெட்டைப் பார்த்தும் அதே புன்னகை. எங்களைப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு தாலுகா அலுவலகத்தில் இருந்தவன் நான். கையெழுத்தில்லாத சம்மதத்தை நம்பிப் பழக்கமில்லை.

அவர் மடியில் காந்தச் சதுரங்கப் பலகை இருந்தது. அவருக்குச் சதுரங்கம் பிடிக்கும் என்று மகள் முன்பே சொல்லியிருந்ததால், நானும் தயாராகவே வந்திருந்தேன். 'செக்' என்பதற்கு ஸ்பானிஷில் 'ஹாக்கே'. பாரசீக அரசரின் பட்டம் அரபு வழியாகப் போய் அங்கே அப்படி ஆகிவிட்டதாம். தொண்டையைச் செருமிச் செருமிப் பத்து நாள் பழகினேன். வீட்டில் இருமல் மருந்து வாங்கி வைத்தார்கள்.

10.05. இருபுறமும் கரிசல், சீமைக்கருவேலம். என் யானை அவர் ராணிக்கு நேரே போய் நின்றது.

"ஹாக்கே" என்றேன்.

மனுவேல் தன் ராஜாவைச் சுற்றி வெகுநேரம் தேடினார். ஆபத்து எதுவும் இல்லை. ஆனாலும் மரியாதைக்காக ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். ராணி அப்படியே நின்றது.

"ராணியத் தூக்குங்க சார், அவுக பாக்கல" என்றார் பின் சீட்டில் பருத்தி விதைப் பையோடு இருந்த எம்.ரெட்டியபட்டிக்காரர்.

"ராணிக்குச் செக்குன்னு சொல்லிட்டேனேய்யா. ஏன் நகத்தலன்னு தெரியல."

முன் சீட்டிலிருந்து மகள் திரும்பினாள். "அப்பா, அங்க ராஜாவுக்கு மட்டுந்தான் ஹாக்கே. அதையே பாதிப் பேரு சொல்றதில்ல. நாமதான் பாத்துக்கிறணும்."

"சொல்லாமயே ராணிய வெட்டிருவாகளா? என்னா ஊரும்மா அது" என்றார் பின் சீட்டுக்காரர்.

அதை அவள் ஸ்பானிஷில் சொன்னதும் மனுவேல் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு நாளில் முதல் சத்தம். தவறான அறிவிப்பின் பேரில் எடுத்த நடவடிக்கை செல்லாது. அவர் ராஜாவைப் பழைய கட்டத்திலேயே வைத்தேன்.

திருச்சுழியில் கோயில் பார்த்தோம், டீ குடித்தோம். தண்ணீரில்லாத குண்டாற்றையும் அவர் மரியாதையோடு படம் எடுத்துக்கொண்டார்.

12.15. திரும்பும் பஸ்ஸில் ஆட்டம் தொடர்ந்தது. எந்தக் கண்மாய்க்கு எந்த ஆண்டு மராமத்து நடந்தது என்று மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். மனுவேல் என் முழங்கையைத் தட்டினார். பலகையைக் காட்டி, "ராணி" என்றார். தமிழில். பிறகு, "ஹாக்கே."

அவருடைய குதிரை என் ராணியை வெட்டும் கட்டத்தில் நின்றது. நான் கவனிக்கவேயில்லை.

"அவுக ஊர்லதான் சொல்ல மாட்டாகளே?" என்றேன்.

மகள் கேட்டாள். அவர் பதில் சொன்னதும், அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டுத்தான் வெட்டணுமாம்ப்பா."

ராணியை நகர்த்தினேன். அருப்புக்கோட்டை வருமுன் தோற்றும் போனேன். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.