கரி பிடிக்காத கூரை

இருளப்பனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் கொட்டகைக் கூரையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் எனக்கு வராது. உள்பக்கம் புதுத் தகரம் மாதிரி பளபளவென்று இருக்கும். அதற்கடியில் ஒரு மனிதன் வருடக்கணக்காகப் படுத்து எழுந்தான் என்று பார்க்கிறவர் யாரும் நம்பமாட்டார்கள்.

அவன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றினவன். எழுபத்து நாலாம் வருடம் கணக்குப் பார்க்கும் கிராணியோடு வாய்த் தகராறு. வேலை போனது. வேலை போனால் தோட்டத்து லயத்தில் வீடும் போய்விடும். மனைவி பாஞ்சாலை தானா ராத்தாவில் மகள் வீட்டுக்குப் போனாள். இவன் கோலா தெர்லாவில் எங்கள் பூந்தோட்டத்துக்கு அடுத்த நிலத்தை லைசென்ஸுக்கு எடுத்து முட்டைக்கோஸ் போட்டான்.

அந்த லைசென்ஸ் வருடத்துக்கு வருடம் அரசாங்கம் கொடுப்பது. காய்கறி போடலாம், பூப் போடலாம், உரம் வைக்கக் கொட்டகை போடலாம். குடியிருக்க மட்டும் கூடாது. விவசாய நிலம், வீட்டு நிலம் இல்லை என்பார்கள். யார் கேட்டது? அந்த வரிசையில் எல்லாரும் கொட்டகையில்தான் குடியிருந்தோம். நான் உள்ளேயே அடுப்புப் போட்டேன். வருடா வருடம் நில ஆபிஸ்காரர் வந்து, "ஆச்சி, இது வீடு இல்ல, தெரியுமா தெரியாதா?" என்று திட்டுவார். "தெரியும் துவான், சோறு மட்டும் பொங்கிக்கிறேன்" என்பேன்; துவான் என்றால் ஐயா. அவர் போனதும் உலை வைப்பேன்.

இருளப்பன் அப்படி இல்லை. சட்டத்துக்குப் பயந்தவன். வெளியே தூரத்தில் மூன்று கல் வைத்துச் சமைப்பான். சாப்பிட்டதும் கல்லைத் தூக்கி மூலைக்கு ஒன்றாகப் போடுவான். பாய் உர மூட்டைக்குப் பின்னால். முருகன் படம் பிஸ்கட் டின்னுக்குள். துணியை பீன்ஸ் கொடிக்குள் காயப்போடுவான். நாய்கூட வளர்க்கவில்லை; நாய் இருந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடுமாம். மாலையில் பனி இறங்கினால் எங்கள் வீட்டில் புகை வரும், அவன் கொட்டகை இருட்டாய்க் கிடக்கும்.

"லைசென்ஸ் போயிருச்சுன்னா எங்க போவேன், அக்கா?" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பாஞ்சாலையைப் பார்க்கப் போவான். கூப்பிடுவான். ஒருமுறை நானும் கூடப் போனேன். அவள் கோஸை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "பால் காய்ச்சாத இடத்துல உர மூட்டையோட உர மூட்டையா என்னையும் அடுக்கப் பாக்குறியா? வீடுன்னு சொல்லு, வரேன்."

அதற்காகவே ஆபிஸுக்கு நடையாய் நடந்தான். ஒரு மூலையை மட்டும் வீட்டு நிலமாய் மாற்றிக் கொடுங்கள் என்பான். தனியாக ஒருவனுக்கு மாற்ற முடியாது, வரிசை முழுக்க மாறினால் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பதிலையும் நல்ல பதில் மாதிரி வாங்கிக்கொண்டு வருவான்.

எண்பத்து மூன்றில் வரிசை மாறிற்று. ஏற்கெனவே குடியிருப்பவர்களின் இடத்தை மட்டும் வீட்டு நிலமாக்கலாம் என்று முடிவாகியிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. புது ஆபிசர் மோட்டார் சைக்கிளில் வந்தார். என் கொட்டகைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். கூரை கரி பிடித்துக் கிடந்தது.

"ரொம்ப வருசமா இருக்கீங்களோ?"

"இந்தக் கரியைக் கேளுங்க துவான்" என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அடுத்தது இருளப்பன். மோட்டார் சத்தம் கேட்டதுமே பாயைச் சுருட்டிவிட்டான். ஆபிசர் உள்ளே பார்த்தார், கூரையைப் பார்த்தார். "இங்க யாராவது குடியிருக்காங்களா?"

"யாரும் இல்ல துவான். ஸ்டோர்தான்."

அவ்வளவுதான். எதற்காகக் கேட்டார்கள் என்று மறுநாள் தெரிந்ததும் ஆபிஸுக்கு ஓடினான். நானும் சாட்சிக்குப் போனேன். "யாரும் இல்லன்னு சொன்னது யாரு? நீங்கதானே?" என்றார் ஆபிசர். நான் விடவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் இன்னொரு முறை வந்துகூடப் பார்த்தார். அடுப்பு இல்லை, கரி இல்லை, கொடிக்கயிறு இல்லை. என்னத்தைக் காட்டுவது? எங்கள் இடமெல்லாம் வீட்டு நிலமானது. நடுவில் அவன் இடம் மட்டும் கோஸ் நிலமாகவே நின்றது.

நாலைந்து நாள் வெளியே வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டான். உள்ளே நடுவில் கல் கூட்டி அடுப்புப் போட்டிருந்தான். டின்னிலிருந்து முருகன் சுவருக்கு ஏறியிருந்தார். கம்போங் ராஜாவிலிருந்து பசும்பால் வாங்கி வந்திருந்தான். பாஞ்சாலைக்கும் சொல்லி அனுப்பியிருந்தான். காலையில் வந்த பஸ்ஸிலும் அவள் இல்லை, அடுத்த பஸ்ஸிலும் இல்லை.

"காய்ச்சிரலாமாக்கா?"

"காய்ச்சுப்பா."

பால் பொங்கிற்று. கிழக்கா மேற்கா என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. இரண்டு டம்ளர் கழுவி வைத்திருந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

"அது பாஞ்சாலையோடது. எனக்கு மூடியில ஊத்து."

"அவ வரமாட்டாக்கா."

"வரட்டும், வராம போகட்டும். எனக்கு மூடியில ஊத்துன்னேன்."

மூடியில் ஊற்றினான். புகை கண்ணைக் கரித்தது. கதவைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் ஆபிஸ்காரர் வந்துபோன பிறகு அவன் வேலி ஓரமாய் வந்து நின்றான். முகத்தைப் பார்த்தால் கோஸ் நல்ல விலைக்குப் போனது போல் இருந்தது.

"அக்கா, இது வீடு இல்லன்னு என்னையும் திட்டிட்டாங்க."