புறாவும் ஒரு விபத்து அறிக்கையும்

விதி பதினொன்று, உட்பிரிவு இ: கேலிச்சித்திரப் பாணியில் அமைந்த படத்தில் அடிபடும் பாத்திரம் அடுத்த காட்சியில் குறையின்றி எழுந்து நடமாடினால், அந்த அடி வன்முறையாகக் கருதப்படாது. புனேயில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு குறும்பட விழாவின் விதிமுறைகளில் இது இருக்கிறது. அதற்கு அடுத்த விதி, முழுமையான விண்ணப்பத்துக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்படும் என்கிறது. இரண்டும் நடந்திருந்தால் நான் எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது. ஆனால் விதிகள் தாமாக நடப்பதில்லை. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு ஓய்வு பெறும்வரை சம்பளம் கிடைத்தது.

புனேயை அடுத்த பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். யாராவது வழுக்கி விழுந்தாலோ, விரல் நசுங்கினாலோ அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. இடம், நேரம், பாதிக்கப்பட்டவர், அடிபட்ட உறுப்பு, காரணம், பரிந்துரை. இந்த ஆறில் அடங்காத துன்பம் உலகில் இல்லை என்று நெடுநாள் நம்பியிருந்தேன். இப்போது நிக்டியில் எங்கள் வீட்டு பால்கனியில் புறாக்களை விரட்டுவதே என் முழுநேர வேலை. வலை கட்டினேன், பழைய சிடிக்களைத் தொங்கவிட்டேன், பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்தேன். ஆந்தையின் தலைமேல் ஒரு புறா முட்டையிட்டது.

இதையெல்லாம் என் மகள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் அனிமேஷன் வரைபவள். கோந்த்வாவில் ஒரு ஸ்டுடியோவில் குழந்தைப் பாடல்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கண் வைத்த பழங்கள், கை வைத்த எண்கள், பல் தேய்க்க மறுக்கும் முதலை. பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பின்னறையில் உட்கார்ந்து இரண்டு வருடம் சொந்தமாக ஒரு படம் செய்தாள். ஒன்பது நிமிடப் படம். விழாவில் அது தேர்வானால், அதை நீளமான படமாக்கப் பணம் போடுவதாக மும்பையில் ஒருவர் சொல்லியிருந்தார். தேர்வாகாவிட்டால் கணபதி பண்டிகை முடிந்ததும் பழைய ஸ்டுடியோவுக்கே போய்விடுவது என்று அவளே முடிவு செய்திருந்தாள். அவளுடைய நாற்காலியை அங்கே அதுவரை காலியாக வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். பழங்கள் காத்திருந்தன.

ஜூன் மாதம் ஒரு மழை மாலையில் படத்தை டிவியில் போட்டுக் காட்டினாள். நானும் என் கணவரும் சோபாவில் உட்கார்ந்தோம். அவர் புனேயிலேயே கிர்க்கி கண்டோன்மெண்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர், பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்னைக் கல்யாணம் செய்த பிறகு என் பாளையங்கோட்டைப் பேச்சைக் கற்றுக்கொண்டார். கேலி செய்ய வேண்டும் என்றால் மட்டும் அதை எடுப்பார்.

படத்தில் ஒரு வயதான பெண்ணும் ஒரு புறாவும். பெண் துடைப்பத்தோடு வருகிறாள், புறா நகர்கிறது, அடி அவள் மேலேயே விழுகிறது. பழைய துரத்தல் கார்ட்டூன்களின் எல்லா வித்தைகளும் இருந்தன. பால்கனிக் கம்பியைத் தாண்டி வெறும் காற்றில் நடந்து போகிறாள், கீழ்வீட்டுக் கொடியில் கோணலாகக் கிடந்த துண்டைச் சரிசெய்கிறாள், அப்புறம்தான் கீழே பார்க்கிறாள், அப்புறம்தான் விழுகிறாள். ஒரே வித்தியாசம், பழைய கார்ட்டூனில் தரையில் ஆள் உருவத்தில் ஒரு பள்ளம் மட்டும் விழும். இதில் பள்ளத்துக்குள் எலும்பு தெரிந்தது. தாடை தனியாகக் கழன்று சமையல் மேடைமேல் கிடந்தது. அவள் அதை எடுத்துக் குழாயில் கழுவி மாட்டிக்கொண்டு, மறுபடி துடைப்பத்தை எடுத்தாள்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, இது நீயில்லா?"

"நைட்டி மேல துப்பட்டா போட்டவ எல்லாம் நானா?"

"கண்ணாடிக்குச் சங்கிலி?"

"கடையில தொங்குது. யாரும் வாங்கலாம்."

மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அரே, பேசாம பாருங்க ரெண்டு பேரும்," என்றாள்.

படம் முடிந்ததும் நான் என் துறை சார்ந்த ஒன்றை மட்டும் சொன்னேன். "ரத்தம் இப்படி பளிச்சுன்னு இருந்துக்கிட்டே இருக்காது. கொஞ்ச நேரத்துல ஓரம் கறுக்கும்."

"அம்மா, இது கார்ட்டூன்."

"கார்ட்டூன்னா ரத்தமே வேண்டாம். வச்சா ஒழுங்கா வையி."

அவள் யோசித்தாள். மூன்று நாள் உட்கார்ந்து எல்லா ரத்தத்துக்கும் ஓரம் வைத்தாள். என் வாழ்நாளில் என் பரிந்துரை ஒன்று முழுமையாக அமலான முதல் தடவை அது.

அந்தப் படத்தில் அவளுக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கார்ட்டூன் பார்ப்பாள், நான் சாப்பாட்டு மேசையில் மிச்சமிருந்த அறிக்கைகளை எழுதுவேன். டிவியில் ஒருவன் தலையில் இரும்பு விழும், சப்பையாவான், எழுந்து ஓடுவான். என் தாளில் ஒருவர் காலில் இரும்பு விழுந்திருக்கும். அவள் எட்டிப் பார்த்து, அந்த அங்கிள் எழுந்துட்டாரா என்பாள். அது வேற ஃபாரம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, அவள் சொல்லித்தான் தெரியும்.

"டிவியில வலி இல்ல. உன் பேப்பர்ல எழுந்திருக்கவே மாட்டாங்க. மத்லப், அதாவது, ரெண்டுமே பாதி பாதி. நான் ஒட்டிட்டேன்," என்றாள்.

"நல்லா ஒட்டினே. இன்னைக்கு எனக்கு ராச்சோறு இறங்காது," என்றார் என் கணவர். வழக்கம்போல் நான்கு சப்பாத்தி சாப்பிட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு பக்கம் வன்முறைக் காட்சிகளின் விவரம் கேட்டது. மகள் அதில், பழைய பாணி நகைச்சுவை அடிதடி என்று ஒரு வரி எழுதியிருந்தாள். இது விவரமில்லை, அபிப்பிராயம் என்றேன். அப்படியானால் நீயே எழுது என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். நான் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஐந்து பக்கம் எழுதினேன். ஒன்றைத் தருகிறேன்:

விபத்து நான்கு. இடம்: சமையலறை. பாதிக்கப்பட்டவர்: பெண், அறுபது வயதுக்கு மேல். புறாவை நோக்கி எறிந்த பூரிக்கட்டை மின்விசிறியில் பட்டுத் திரும்பியதில் கீழ்த்தாடை முழுவதும் கழன்றது. காரணம்: சுழலும் இயந்திரத்தின் அருகே பொருளை எறிந்தது. பரிந்துரை: விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூடு.

மகள் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே அனுப்பினாள்.

ஜூலை போயிற்று. விதிப்படி வர வேண்டிய பதில் வரவில்லை. மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் அஞ்சல் கிடைத்தது என்று ஒரு இயந்திரம் பதில் சொன்னது. தொலைபேசியில் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனை என்ற சொல்லை நானே ஆயிரம் கோப்புகளில் எழுதியிருக்கிறேன். கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது எழுதுவது அது. பின்னறையில் மகளின் திரை இருட்டாகவே கிடந்தது. ஒரு மாலை அவள் தன் பழைய ஸ்டுடியோ அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் பஸ் பிடித்து பிம்ப்ரி போய், அங்கிருந்து மெட்ரோவில் ஆற்றைத் தாண்டி, விழா அலுவலகத்துக்குப் போனேன். வாடா எனப்படும் பழைய முற்றத்து வீடு ஒன்றின் மாடியில் இரண்டு மேசை. ஒன்றில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மராத்தியில் படத்தின் பெயரைச் சொன்னதும் வடாபாவைக் கீழே வைத்தார். என் வயதுப் பெண்களை இங்கே காகூ, அதாவது அத்தை, என்பார்கள்.

"காகூ, அந்தப் படமா? எங்க கமிட்டி முதல்ல பேப்பரைப் படிக்கும், அப்புறம்தான் படம் பார்க்கும். உங்க பேப்பரைப் படிச்ச ரெண்டு பேர் அன்னைக்குக் காலை நாஷ்தாவே தொடலை. படத்தைப் போடவே வேண்டாம்னுட்டாங்க."

"அப்படின்னா வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கலாமே."

"தலைவர் ஊர்ல இல்ல. அவர் கையெழுத்து இல்லாம வேண்டாம்னும் சொல்ல முடியாது." கோப்பைத் திறந்தார். "பாருங்க, வயசான ஒரு அம்மாவை ஒன்பது நிமிஷத்துல இத்தனை தடவை கொல்றீங்க."

"ஒரு தடவைகூடச் சாகலை."

"சாகலையா? எழுந்தாங்கன்னு ஒரு இடத்துலயும் இல்லையே, காகூ."

கோப்பை வாங்கிப் பார்த்தேன். இல்லைதான். எங்கள் தொழிற்சாலையில் விபத்து அறிக்கை ஆம்புலன்ஸ் கதவு மூடுவதோடு முடிந்துவிடும். ஆள் திரும்பி வேலைக்கு வந்தால் அது வேறு படிவம், வேறு நிறத் தாள், மாடியில் பணியாளர் பிரிவில் இருந்தவர்களின் வேலை. அந்தப் படிவத்தை நான் ஒருமுறைகூட நிரப்பியதில்லை. நான் எழுதியதில் ஒரு சொல் பொய்யில்லை. விதி பதினொன்று இ கேட்ட ஒரே ஒரு விஷயம் மட்டும் அதில் இல்லை.

ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினேன். மேற்கண்ட எல்லா விபத்துகளிலும் பாதிக்கப்பட்டவர் உடனடியாகப் பணிக்குத் திரும்பினார்.

அவர் தலையை ஆட்டினார். "கடைசித் தேதி முடிஞ்சுது. புதுசா எதுவும் வாங்க முடியாது."

"இது புதுசு இல்லை, விளக்கம். விளக்கம் கேட்கிற உரிமை அலுவலகத்துக்கு உண்டு, உங்க விதிமுறையிலேயே கடைசிப் பக்கத்துல இருக்கு. நீங்க கேளுங்க, நான் தர்றேன்."

"நான் கேட்கணுமா?"

"ஆமாம்."

"சரி காகூ, கேட்டேன்," என்று சொல்லித் தாளை வாங்கி முத்திரை குத்தினார். கோப்பை மூடப் போனவர் நிறுத்தி, என் கழுத்தில் தொங்கிய கண்ணாடிச் சங்கிலியைப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்தார். நாகரிகமான மனிதர், அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"கடைசியில அந்தம்மா ஜெயிக்கிறாங்களா?"

"இல்லை. புறாதான் ஜெயிக்குது. மறுநாள் காலையில இவ துடைப்பத்தோட வந்து நிக்கிறா. அதோட படம் முடியுது."

"அப்போ படத்தைப் பார்க்கச் சொல்றேன்," என்றார். வடாபாவ் ஆறிப் போயிருந்தது. அதையே எடுத்துச் சாப்பிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மகள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்லோட் பண்ணது நான்தானே," என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கணபதி வந்தார், பத்து நாள் தெருவே அதிர்ந்தது, போனார். பதில் வரவில்லை. மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவள். பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தபோது நான் வாசலில் நின்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமேட்டி."

"எத்தனை நாள் மா?"

அதற்கு என்னிடம் விதி இல்லை. ஒரு டப்பாவில் மிளகாய்ப்பொடி போட்டுக் கொடுத்தேன்.

கோந்த்வாவிலேயே அறை எடுத்துத் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அப்போது ஒரு தக்காளியை வரைந்துகொண்டிருந்தாள். குளிக்க மறுக்கும் தக்காளி. ஒரு காட்சியில் அது சோப்பில் வழுக்கி விழுகிறது.

"விழுந்தா ஒரு கீறலாவது வேணும்னேன். வேண்டாம்னுட்டாங்க. குழந்தைங்க பயப்படுமாம்," என்றாள்.

"எழுந்திருக்கிறதைக் காட்டினா?" என்று அவள் அப்பா கேட்டார்.

"விழறதையே எடுத்துட்டாங்கப்பா. இப்போ தக்காளி நின்னுட்டே பாடுது."

அதன்பின் மூவரும் சாப்பிட்டோம். அவள் தட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்கனியில் புறா குனுகிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.

வசுபாரஸ் அன்று, இங்கே தீபாவளி தொடங்கும் நாள் காலை, என் கணவர் ஸ்டூல் மேல் ஏறி பால்கனியில் ஆகாஷ்கந்தீல் என்ற காகித விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்வார், நானும் விடமாட்டேன். என் கைபேசி அடித்தது.

"அம்மா, பதில் வந்திருச்சு."

"இறங்குங்க முதல்ல," என்று அவரிடம் சொன்னேன். அவர் இறங்கும்வரை கைபேசியில் பேசவில்லை. பிறகு படி என்றேன்.

அவள் படித்தாள். விதி பதினொன்று இ பொருந்துவதாகக் குழு கருதுகிறது. படம் பெரியவர்களுக்கான கடைசிக் காட்சியில் திரையிடத் தேர்வு செய்யப்பட்டது. அவ்வளவுதான். தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

"மும்பைக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரச் சொன்னாரு. அம்மா, நான் இங்க வேலைய விடுறேன்னு நோட்டீஸும் கொடுத்துட்டேன்."

"அதுக்குள்ளயா? வாயாலயா எழுத்துலயா?"

"எழுத்துல."

"கிடைச்சதுன்னு ஒப்புதல் வாங்கினியா?"

பின்னால் யாரோ சத்தமாகத் தக்காளிப் பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். அதற்கு மேலே அவள் சிரிப்பது கேட்டது. என் கணவர் என் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி, "ஏட்டி, உங்கம்மா தியேட்டர்ல சாவப்போறா, நான் டிக்கெட் எடுத்துப் பாக்கப்போறேன்," என்றார். "சாகமாட்டாப்பா," என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

கோப்பில் வைப்பதற்காக அந்த அஞ்சலை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். கோப்பின் மேல் எழுதினேன்: பதில் வந்த நாள் வசுபாரஸ், வெள்ளிக்கிழமை.