முறிக்காத பிளேடு

படகுப் பட்டறையில் அவரைப் பிளேடுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபைபர் படகை வெட்ட ஜிக்சா என்கிற அறுப்பு மெஷினில் எந்தப் பிளேடு போடலாம் என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் வேலை கெட்டது. மரம் அறுக்கிற பிளேடு பளபளப்பான மேல்பூச்சைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடும். இரும்பு பிளேடு ஒரு முழம் போவதற்குள் மழுங்கிவிடும். பல்லே இல்லாமல், உப்புத்தாள் மாதிரி விளிம்பெல்லாம் சொரசொரப்பாக இருக்கிறதே, அதுதான் சரி. இவ்வளவும் சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் விட நீளம் முக்கியம்" என்று முடிப்பார். ஆழம் தெரியாமல் காலையும் விடக்கூடாது, பிளேடையும் விடக்கூடாது என்பது அவர் கட்சி.

சொல்வதோடு நிற்கிறவரும் இல்லை. வெட்டப்போகும் சதுரத்தின் நாலு மூலையிலும் துளை போடுவார், கம்பியை விட்டுப் படகின் அடிவரை ஆழம் பார்ப்பார். அதில் எது குறைவோ அதற்குத் தகுந்தபடி பிளேடின் நுனியைக் குறடால் முறித்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார்.

அன்றைக்குத் தங்கை வீட்டுக்காரரின் படகு. மேல்தட்டில் மூடி போடுகிற மாதிரி சதுரமாக ஒரு திறப்பு வெட்ட வேண்டும்.

"நீங்க வெட்டும்போது நான் எதுக்கு மச்சான் பக்கத்துல நிக்கணும்?" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வலையைப் பார்க்கப் போய்விட்டார். எப்போதும் சொல்வதுதான். அதைக் கேட்டால் பிளேடுக்காரருக்கு ஓர் அங்குலம் உயரம் கூடிவிடும்.

பிளேடு புதுசு, நல்ல விலை. முன்பக்கத்து மூலைகளில் கம்பி சீக்கிரமே தட்டியது. படகின் அடி அங்கே மேலேறி வருகிற இடம். முறித்திருக்க வேண்டும். புதுசை முறிக்க மனம் வரவில்லை. அங்கே வரும்போது மெஷினைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முன்பக்கம் வெட்டுகையில் மெஷின் கைக்குள் இரண்டு தடவை துள்ளியது. உள்ளே கட்டை ஏதாவது இருக்கும் என்று வெட்டி முடித்து, மூடியையும் பொருத்திவிட்டார்.

சாயங்காலம் சாமான்களைத் துடைக்கும்போதுதான் பிளேடைப் பார்த்தார். காற்றில் ஆடியிருக்க வேண்டிய நுனி, நகம் அளவுக்கு மொழுமொழுவென்று தேய்ந்து, லேசாக வளைந்தும் இருந்தது. படகின் அடியில் உரசியிருந்தால்தான் அப்படித் தேயும். விடிந்தால் படகு கடலுக்குப் போகிறது.

வெறும் கீறலாகத்தான் இருக்கும் என்றது மனம். சொன்னால் இத்தனை வருஷப் பேர் போய்விடும் என்றும் சொன்னது. இந்த நேரத்திலும் பேர்தான் முதலில் நினைவுக்கு வந்ததா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தார்.

"மாப்ள, நாளைக்குப் படக எறக்காதீங்க. பிளேட முறிக்காம வெட்டிட்டேன். அடியில பட்டிருக்கும்போல."

மாப்பிள்ளை சிரித்தார். "நீங்களா? சும்மா எதையாவது நெனச்சுப் பயப்படாதீங்க மச்சான்."

தங்கை அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் மூஞ்சியே சரியில்ல. போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள்.

படகு கரையில் கட்டைகள் மேல் நின்றது. பிளேடுக்காரர் மூடியைத் திறந்து உள்ளே முன்பக்கமாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். மூவரும் படகின் அடியில் குந்திப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"நான்தான் சொன்னேன்ல" என்றார் மாப்பிள்ளை.

அப்போது பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தது. அது பெரிதாகி மணலில் சொட்டியது. பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. மாப்பிள்ளை கட்டைவிரலால் துடைத்தார். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தார்.

"ரெண்டே நாள். உள்ளயும் வெளியயும் நானே ஃபைபர் ஒட்டித் தர்றேன் மாப்ள."

மாப்பிள்ளை எழுந்து கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது பிளேடுக்காரருக்கு.

"சரி மச்சான், நீங்களே ஒட்டுங்க" என்றார் மாப்பிள்ளை. "நான் பக்கத்துல நிக்கிறேன்."