கை வைக்காமல் நின்ற மும்தாஜ் அக்கா

மிளகு நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அன்வர் பாய் போனில் அழைத்தார். "மும்தாஜ் மௌத்தாயிட்டா, தம்பி. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…"

அவர் மனைவி மும்தாஜ் அக்கா, கொல்லிமலை அடிவாரத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர். ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரோடு மலையேறி, எங்கள் மலை ஊர்த் தொகுதியான வாழவந்தி நாட்டுக்கு வந்து, மரவள்ளி பிடுங்கிய எங்கள் காட்டில் ஓட்டுவார். அவரைப் பார்த்துத்தான் நாங்கள் சிலரும் கார் வாங்கினோம்.

பிறகு நான் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தேன். உயிர் பிழைத்தது, ஆனால் வலது கை விரல்கள் மடங்கவில்லை. யாரையும் பார்க்கப் பிடிக்காமல் வீட்டோடு கிடந்தேன். என் காரை விற்றுவிடும்படி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவரே வந்துவிட்டார்.

"எங்க அந்த ரிமோட்டு? குடுங்க."

"விரலே மடங்கலீங்க அக்கா. எப்படித் திருப்பறது?"

"உள்ளங்கை இருக்குதில்ல?"

அடுத்த வாரம், ரிமோட்டின் திருப்பும் சக்கரத்தில் செருப்பு ரப்பரை ஒட்டிக் கொண்டுவந்தார். உள்ளங்கையை அதில் வைத்து உருட்டினால் கார் திரும்பியது.

தேவனூர் நாட்டுக்காரர்கள் போட்டிக்கு வந்த அன்று, பாதி ஓட்டத்தில் என் கார் கரகரவென்று சத்தமிட்டு நின்றது. மோட்டாரின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த ரப்பர் பெல்ட்டில் ஏதோ சிக்கியிருந்தது. அக்காவிடம் நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே பாருங்க கண்ணு. நான் கை வெக்க மாட்டேன்."

கோபம் வந்தது. வலது உள்ளங்கையால் காரை அமுக்கிக்கொண்டு, இடது கையால் மூடியைக் கழற்றினேன். ஒரு சின்னக் கல். பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பெல்ட் தளர்ந்திருந்தது.

"எவ்வளவு இறுக்கறதுங்க?"

"தொட்டு அமுக்கினா கொஞ்சம் அமுங்கோணும். ரொம்ப இறுக்கினா மோட்டாரு சூடாயிரும். தொளதொளன்னு உட்டா பல்லுத் தாவும்."

நான் மூடியை மாட்டுவதற்குள் மற்றவர்கள் ஓட்டி முடித்துவிட்டார்கள்.

"போட்டி முடிஞ்சுபோச்சுங்க."

"உங்களுது முடியலையே? போய் முடிங்க."

தனியாக ஓட்டி முடித்தேன். ஒருவரும் கலையவில்லை. அக்காவின் கைத்தட்டல்தான் எல்லாவற்றையும் மீறிக் கேட்டது. வெகுநாள் கழித்து ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு எங்கையி பரபரன்னுச்சு. ஒண்ணோட ஒண்ணு இறுக்கிப் புடிச்சுட்டு நின்னேன்."

அந்தப் போட்டிக்கு மறுநாள் காலையில் காட்டுக்குப் போனேன். மரமேற முடியாதவன் நாற்று வளர்க்கலாமே என்று தோன்றியது. இன்று எடப்புளி நாட்டிலிருந்தும் என்னிடம் மிளகு நாற்று வாங்க வருகிறார்கள்.

அக்காவை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிறு, கார் ஓட்ட எங்களுக்கு மனமில்லை. ஆனால் அன்வர் பாய் அக்காவின் காரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "அவ வண்டி சும்மா நிக்கறது சரியில்லீங்க." இத்தனை காலமும் டீ பிளாஸ்க்கை மட்டுமே தூக்கி வந்தவர், ரிமோட்டைக் கையில் எடுத்தார். கார் நேராக மரவள்ளிக் குச்சிக் குவியலுக்குள் பாய்ந்தது.

"ஏனுங்க, இதுல பிரேக்கு எது?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு காரை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, மறுபடி புறப்படும் கோட்டில் வைத்தார்.

வருகிற ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நிம்மதியாகப் போய் வாருங்கள், அக்கா.