பசங்களோட போறேம்மா

எங்கள் ஊரில் ஒரு பெண் மொட்டை போட்டுக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மலைமேல் முருகன் இருக்கிறார், ஏதாவது வேண்டுதல் இருக்கும். சந்தனத்தைப் பூசிக்கொண்டு கடையில் போய் உட்கார்ந்துவிடலாம். என்னை ஏன் என்று கேட்டவன் என் மகன் ஒருவன்தான்.

மலையடிவாரத்தில் பூவும் கற்பூரமும் விற்கிறேன். வீட்டுக்காரர் விடியற்காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். ஆக, ஒரே பிள்ளையை மேய்க்கிற வேலையும் என்னுடையது.

பத்தாவது வரை அவனுக்குப் பள்ளி விட்டால் வீடு. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா, எப்பப் பாரு வூட்லயே அடஞ்சிகினு கீற? ஒரு பிரெண்டு கூடவா இல்ல உனக்கு?" என்று வாய் ஓயாமல் கேட்டேன். ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் பையன் மாறினான். சாயங்காலமானால் "பசங்களோட போறேம்மா" என்று கிளம்பிவிடுவான். ஒருத்தனுக்குப் பிறந்தநாள் என்பான், கிரிக்கெட் என்பான். ஒருத்தனுடைய அண்ணன் புது பைக் வாங்கியிருக்கிறான் என்றான் ஒரு நாள்.

பைக் என்றதிலிருந்து அவனை வேவு பார்க்க ஆரம்பித்தேன். திருப்பதி ரோட்டில் லாரிகள் போகிற வேகம் தெரியாதா? அவன் சட்டையை மோந்து பார்த்தேன். குளிக்கப் போனபோது போனை நோண்டினேன். ஒரு மெசேஜ் இல்லை, ஒரு போட்டோ இல்லை. பயல் கெட்டிக்காரன், எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், "வயசுப் புள்ள, உடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கென்ன!

கடைசியில் சந்நிதியில் நின்று கேட்டேவிட்டேன். அந்தப் பசங்க சகவாசத்தை அறுத்துவிடு முருகா, என் முடியைத் தருகிறேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அவன் வெளியே போவது தானாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டதக் குடுத்துட்டாருக்கா" என்று பக்கத்துக் கடை அக்காவிடம் சொல்லிவிட்டு, மலைக்குப் போய் இடுப்பு வரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பள்ளியிலிருந்து வந்தவன் என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாம்மா இது? எதுக்கு?"

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

"எந்தப் பசங்கம்மா?" என்றான். பையைக் கழற்றிக் கீழே வைத்தான். "அப்பிடி யாரும் இல்லம்மா. நீ பிரெண்டு இல்லயா, பிரெண்டு இல்லயான்னு கேட்டுகினே இருந்த. ஒரு நாள் இருக்குன்னு சொன்னேன். உனக்கு அவ்ளோ சந்தோசம்."

"அப்போ சாயங்காலம்லாம் எங்கடா போன?"

"ரயில்வே ஸ்டேஷன்ல ஒக்காந்துகினு இருப்பேன். சில நாளு கனகம்மாசத்திரம் பஸ்ல ஏறிப் போயிட்டுத் திரும்பி வருவேன்."

"தனியாவா?"

"ஆங்."

"அப்புறம் ஏன்டா நிறுத்தின?"

"தெனம் ஒரு கத யோசிக்கறது அலுத்துப்போச்சும்மா."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அடிவாரத்துக்கு வருகிற பிள்ளைகளில் எது யாரோடு சுற்றுகிறது, எது யாரோடு சண்டை என்று எனக்கு அத்துப்படி. என் வீட்டுப் பிள்ளை பேச ஆளில்லாமல் பஸ்ஸில் போய்ப்போய் வந்திருக்கிறது. கூட்டாளியே இல்லாதவனுக்குக் கூட்டாளி வேண்டாம் என்று நான் சாமியிடம் கேட்டிருக்கிறேன். மறுபடி மலையேறி மாற்றிக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது.

"நாளைக்கு நானும் ஸ்டேஷனுக்கு வரட்டாடா?" என்றேன்.

"கடைய யாரு பாப்பாங்க?"

"சாத்திட்டு வரேன். ரெண்டு பேரும் ஒக்காந்து டீ குடிக்கலாம்."

கீழே வைத்த பையை எடுத்து உள்ளே வைத்தான்.

"வேணாம்மா" என்றான். "பசங்க யாருனா பாத்தா ஒரு மாதிரி இருக்கும்."