யாரும் பிடிக்காத ஆட்டக்காரர்

"…அவங்களச் சொல்லி என்னங்க? நீங்களுந்தான் ஆட்டப் பழக்கத்துல ஒரு நாளாச்சும் என்னையப் புடிச்சிருக்கீங்களா?"

சடுகுடு ஆட்டத்தின் இடைவேளையில் எங்கள் அணி ஆட்டக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். என் வாயிலிருந்த வெல்லக்கட்டி கரையாமல் அப்படியே நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, முப்பத்தாறு வாக்கில் நடந்தது. கோயம்புத்தூர்ப் பஞ்சாலை ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் அணிக்கு நான்தான் தலைவன். பொங்கல் முடிந்த மறுநாள், சிங்காநல்லூர்க் குளத்தை ஒட்டிய பொட்டலில் பக்கத்து ஊர்க்காரர்களோடு போட்டி.

அவர் எங்கள் ஆலையில் பஞ்சு உதறும் பகுதியில் இருந்தார். சேரியிலிருந்து நடந்தே வருவார். அந்தத் தூசிக்குள்ளும் நாலு ஆள் மூச்சு அவருக்கு. ஆனால் நான் அவரைச் சேர்த்தது மூச்சுக்காக அல்ல. எதிரணி முழுக்கத் தோட்டங்காடு உள்ள வீட்டு ஆட்கள். பாடி வருகிறவனைக் கட்டிப் பிடித்து, மூச்சு விடும்வரை அமுக்கினால்தானே சடுகுடு? இவரைத் தொட எவன் வருவான் என்பதுதான் என் திட்டம்.

பலித்தது. அவர் கோட்டைத் தாண்டியதுமே கோழிகளுக்கு நடுவே கீரி புகுந்த மாதிரி சிதறினார்கள். எல்லைக்கு வெளியே கால் வைத்தே மூன்று பேர் அவுட்.

இடைவேளையில் என் கூட்டாளி முதுகில் ஓங்கித் தட்டினான். "தீட்டுக்குப் பயந்தாத் தோக்கோணும், தோக்கப் பயந்தாத் தீட்டாகோணும்! என்ன ரோசன மாப்ளே உனக்கு!"

சிரித்துத் தீர்த்தோம். தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கையைக் குவித்தபடி அவர் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அப்ப என்னைய மூச்சுக்குச் சேக்கலீங்களா?" என்றார்.

"அவனுக பயந்துக்கறானுக, நாங்க என்னடா பண்றது?" என்று மழுப்பினேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

உண்மைதான். பழக்கத்தில் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவோம். அவர் பாடி வந்தால் மட்டும், "இவனுக்கெல்லாம் எதுக்குப் பழக்கம்" என்று ஒதுங்கி வழி விட்டுவிடுவோம்.

மறுபாதி தொடங்கியது. அவர் பாடிக்கொண்டே எதிரணி நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். யாரையும் தொடவில்லை, திரும்பவும் இல்லை. பாட்டு மெலிந்துகொண்டே வந்தது. எதிரணியில் குட்டையாக ஒரு வண்டிக்காரர், வேடிக்கை பார்க்கும் கூட்டம் நின்ற குளக்கரைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து அவருடைய சித்தப்பா, "டேய், தொட்டீன்னா ஊட்டுப்படி ஏறாதே!" என்று கத்தினார். வண்டிக்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். பாய்ந்து இவர் இடுப்பைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் விழுந்தார்கள்.

அடியில் மூச்சு நின்றது. அதோடு ஆட்டம் அவர்கள் பக்கம் சாய்ந்தது, தோற்றோம்.

மண்ணோடு எழுந்தவர் முகத்தில் இருந்த சிரிப்பை ஜெயித்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

"எலும்பெல்லாம் எண்ணிப்போட்டீங்களேங்க!"

"உங்குளுது என்ன மூச்சுங்க, எரும மூச்சா?" என்றார் வண்டிக்காரர்.

தோற்றதற்கு என் கூட்டாளி எங்கள் ஆட்டக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினான். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் பழக்கத்துக்கு அவர் வருவாரோ மாட்டாரோ என்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்; வழக்கம்போல ஓரமாக நின்றார். அவரைப் பிடிக்கிறவனாகக் கோட்டுக்கு மறுபக்கம் போய் நின்று, "வாங்க" என்றேன். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் எங்களுடையது. அவருக்கு நான் போட்டது அன்றுதான். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு சொல்லின் தாமதம் என்னை உறுத்துகிறது.

அவர், அழிந்துகிடந்த கோட்டைக் காலால் அழுத்தி இழுத்துவிட்டு, மூச்சை நெஞ்சு நிறையப் பிடித்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்துப் பாடி வந்தார்.