சுண்ணாம்புக்கு மேல் வந்த கோடு

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேட்டுக்குக் கீழே இருக்கிறது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். போன மழையில், அதில் எங்கள் வீடான காம்பிராவின் பின்சுவர் வெடித்தது. மண்சரிவு பார்க்கிற உத்தியோகத்தர் அம்மா ஒருவர் வந்து, வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டார். "இதை அளந்துகொண்டே இருங்கள். நான் மறுபடி வரும்போது கூடியிருந்தால் உங்களுக்கு வேறு இடம் கேட்டு நான் கடிதம் எழுதுவேன்" என்று சிங்களத்தில் சொன்னார்.

அந்தக் கடிதத்தைத்தான் நம்பியிருந்தோம். அது இல்லாமல் வெளியேறினால் தோட்ட நிர்வாகம் காம்பிராவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அப்பா படுத்த படுக்கை. அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மகள் பள்ளிக்கூடம் போகுமுன் கோட்டுக்குக் கோடு அடிமட்டக் கோலால் அளந்து காலண்டரில் எழுதுவாள். அளவு கூடிக்கொண்டே வந்தது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளக்காரன் காலத்து சுவருப்பா. மழைக்கு விரியும், வெயிலுக்கு ஒட்டும். நீ என்ன வைத்தியனா, தெனம் நாடி பாக்குற?"

என் மனைவிக்கு வேறு எண்ணம். "நேந்துக்கிட்ட பால்கொடத்த எடுக்காம விட்டோம்ங்க. ஆத்தா ஞாபகப்படுத்துறா."

அதற்குள் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டது. காப்புக் கட்டுமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். ஆத்தாளின் தேர் வாசலுக்கு வரும்போது வீடு வெடித்துக் கிடக்கலாமா? வெடிப்பில் சிமெந்தை அப்பி, மேலே இரண்டு பூச்சுப் பூசினேன். பென்சில் கோடுகளும் உள்ளே போயின. அது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மனைவி பால்குடமும் எடுத்தாள்.

தேர் போய் ஒரு வாரம் ஆகுமுன் உத்தியோகத்தர் அம்மா மறுபடி வந்தார். கண்டாக்கு ஐயாவும் கூட வந்தார். வெள்ளைச் சுவரில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது.

"பூச்சு காஞ்சா கோடு விழும்" என்றார் ஐயா.

"காய்ந்ததாகவும் இருக்கலாம், மலை நகர்ந்ததாகவும் இருக்கலாம்" என்றார் அந்த அம்மா. மகள் காலண்டரைக் காட்டினாள். "பிள்ளை, எங்கிருந்து எங்கே அளந்தாய் என்று நான் யாருக்குக் காட்டுவேன்?" என்றவர், புதிதாகக் கோடு போட்டுவிட்டுப் போனார். கடிதம் எழுதவில்லை.

அவர்கள் போனதும் மனைவி சுவரைத் தொட்டுக் கும்பிட்டாள். "அம்புட்டு பெருசா இருந்தத ஆத்தா மயிரு கணக்கா ஆக்கிட்டா. இன்னும் என்னங்க வேணும்?"

அவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நான்தான் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். தாயே, எனக்குப் படிப்பு போதாது, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லு என்று கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை.

மறுபடி மழை பிடித்தது. விடாமல் பெய்த ஒரு மத்தியானம் பின்கதவு மூடவில்லை.

"மரம் ஊறிருச்சுங்க. நல்லாத் தள்ளுங்க."

தள்ளினேன். மேலே இடித்தது, கீழே விரல் போகிற இடைவெளி. மரம் ஊறியிருக்கலாம். சுவரோடு கதவு நிலையே சாய்ந்தும் இருக்கலாம். கேட்க ஆளில்லை.

"அப்பாவுக்குக் கம்பளிய எடு."

"எங்கங்க போறது?"

"தெரியல. கோயில் மடத்துல கேப்போம்."

"காம்பிரா போயிரும்ங்க."

"போகட்டும்."

அப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டேன். "எங்கடா?" என்றார். மகள் சாமிப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். மனைவி முன்கதவை மட்டும் பூட்டினாள். பின்கதவு திறந்தபடியே கிடந்தது.